கையெழுத்துக்கு முன் கருத்துக் கேட்போம்!

(செகந்திராபாத்தில் நடைபெற்ற மே தினக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"விமானிகளின் ஒப்பந்த வாக்கெடுப்பு" என்று நோட்டீசில் பார்த்துவிட்டு, லாலாகுடாவிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் வாசலிலேயே மடக்கினார்: "ஏம்ப்பா, ஏறாத விமானத்துக்கு நமக்கெதுக்குக் கூட்டம்?" நியாயமான கேள்விதான். நமக்குத் தெரிந்த பைலட் எல்லாம் லோகோ பைலட்தான். ஆயினும் ஒரு செய்தி சொன்னால் வியப்பீர்கள். அமெரிக்காவில் விமானிகளின் ஊதியப் பேச்சு எந்தச் சட்டத்தின் கீழ் நடக்கிறது தெரியுமா? ரயில்வே தொழிலாளர் சட்டத்தின் கீழ்! 1926இல் ரயில்வேக்காக இயற்றப்பட்ட அச்சட்டத்தில் 1936இல் விமானத் துறையையும் சேர்த்தார்கள். ஆகவே அவர்கள் நமக்குத் தூரத்து உறவுதான்.

அங்கே நடைமுறை என்ன? சங்கத்தின் பேச்சுக் குழுவும் நிர்வாகமும் பேசி ஒரு முடிவுக்கு வருகின்றன. அதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. அதற்குத் தற்காலிக உடன்பாடு என்றே பெயர். அதன் வாசகம் உறுப்பினர்களுக்குப் போகிறது. விளக்கக் கூட்டங்கள் நடக்கின்றன. பிறகு வாக்கெடுப்பு. பெரும்பான்மை "சரி" என்றால்தான் அது ஒப்பந்தம். "இல்லை" என்றால் தலைவர்கள் மறுபடியும் பேச்சு மேசைக்குப் போக வேண்டியதுதான்.

இது வெறும் சடங்கு என்று எண்ணிவிடாதீர்கள். 2022 நவம்பரில் யுனைடெட் நிறுவன விமானிகள், தங்கள் சங்கம் பேசிக் கொண்டுவந்த உடன்பாட்டை 94 சதவீத வாக்குகளால் தள்ளிவிட்டார்கள். சங்கம் உடைந்துவிடவில்லை. மறுபடி பேசினார்கள். 2023இல் வந்த புதிய உடன்பாட்டில் நான்காண்டுகளில் மொத்தம் 40 சதவீதம் வரை ஊதிய உயர்வு இருந்தது. அதை 82 சதவீதம் பேர் ஏற்றார்கள். முதலில் வந்ததற்கே தலையாட்டியிருந்தால் இது கிடைத்திருக்குமா?

போயிங் விமானத் தொழிற்சாலையின் 33,000 தொழிலாளர் கதையையும் கேளுங்கள். 2024 செப்டம்பரில் 25 சதவீத உயர்வு என்று வந்த உடன்பாட்டை 94 சதவீதத்துக்கு மேற்பட்டோர் மறுத்து வேலைநிறுத்தம் செய்தார்கள். அக்டோபரில் 35 சதவீதம் என்று வந்தது. அதையும் 64 சதவீதம் பேர் மறுத்தார்கள். நவம்பரில் 38 சதவீதம் என்று வந்ததை 59 சதவீதம் பேர் ஏற்றார்கள். இதில் இரண்டு பாடங்கள் உண்டு. அவர்கள் கேட்ட பழைய பென்ஷன் கிடைக்கவில்லை; வாக்குச்சீட்டு மந்திரக்கோல் அல்ல. இரண்டாவது, கடைசியில் "வேண்டாம்" என்று போட்ட 41 சதவீதம் பேரும் மற்றவர்களோடு சேர்ந்தேதான் தொழிற்சாலைக்குள் போனார்கள். தனிச் சங்கம் கட்டப் புறப்படவில்லை.

வாக்குக்கு எல்லையும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. அதே 2022இல் அமெரிக்க ரயில்வேயின் 12 சங்கங்களில் 4 சங்கங்களின் உறுப்பினர்கள் உடன்பாட்டை மறுத்தார்கள். ஊதிய உயர்வு நன்றாகவே இருந்தது. காய்ச்சல் வந்தால் சம்பளத்தோடு லீவு எடுக்க வழியில்லை என்பதே அவர்களது கோபம். டிசம்பரில் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டம் போட்டு, மறுத்தவர்கள் தலையிலும் அதே உடன்பாட்டைச் சுமத்தியது. ஆனால் அந்தக் குரல் வீண்போகவில்லை. அடுத்த ஆண்டில் பல ரயில் நிறுவனங்கள் ஒவ்வொரு சங்கத்தோடும் பேசி நோய் விடுப்புத் தர வேண்டியதாயிற்று.

தோழர்களே, நம் நாட்டுக்கு வருவோம். சமரச அதிகாரி முன் நிர்வாகமும் சங்கமும் கையெழுத்திட்டால், சங்கத்தில் சேராதவரையும் அது கட்டுப்படுத்தும் என்றது 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம். அதை அகற்றிவிட்டு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம், 51 சதவீதத் தொழிலாளரின் ஆதரவுள்ள சங்கமே தனித்துப் பேசலாம் என்கிறது. பாதிப் பேர் ஒரே நாளில் சேர்ந்து லீவு போட்டால் அதுவும் வேலைநிறுத்தம் என்கிறது. ஆனால் உறுப்பினரைக் கேட்டுத்தான் கையெழுத்திட வேண்டும் என்று பழைய சட்டமும் சொல்லவில்லை, புதிய சட்டமும் சொல்லவில்லை.

ரயில்வேயில் 2007, 2013, 2024 ஆகிய ஆண்டுகளில் ரகசிய வாக்கெடுப்பு நடந்தது. எந்தச் சங்கம் பேசுவது என்பதற்கு வாக்கு உண்டு. அந்தச் சங்கம் என்ன பேசி முடித்தது என்பதற்கு வாக்கு இல்லை!

1974ஐ நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மே 8 அன்று தொடங்கிய ரயில்வே வேலைநிறுத்தம் மே 27 வரை நீடித்தது. ஜார்ஜ் பெர்னாண்டஸ் அதற்கு முன்பே கைதாகிவிட்டார். ஆயிரமாயிரம் பேர் சிறை சென்றார்கள். குடியிருப்புகளிலிருந்து குடும்பங்கள் தெருவுக்குத் தள்ளப்பட்டன. நிபந்தனையின்றி வாபஸ் என்ற முடிவு டெல்லியிலிருந்து வந்தது. சிறைக்குள் கிடந்தவர்களிடமும் அடுப்பணைந்த வீடுகளிடமும் கருத்துக் கேட்க அந்த அடக்குமுறை இடம் தரவில்லை. தலைவர்களைக் குறை சொல்ல இதைக் கூறவில்லை. கேள்வி கேட்கப்படாத தொழிலாளியின் மனத்தில் அந்த வடு எத்தனை ஆண்டு இருந்தது என்பதை அறிந்தவர்கள் நாம். அன்று கேட்ட போனஸ் 1979இல்தான் வந்தது.

அடுத்தவர் கதை போதும், நம் கதைக்கு வருவோம். மூன்றாண்டுகளுக்கு முன் ரயில் பெட்டி துப்புரவு வேலை செய்யும் நம் சகோதரிகளுக்காக ஒரு ஒப்பந்தக்காரரிடம் நாங்கள் பேசினோம். தினக்கூலி உயர்ந்தது. மாலை போட்டுக்கொண்டோம், மிட்டாய் கொடுத்தோம். ஆறு மணி ஷிப்டை நாலு மணிக்கு மாற்றும் ஒரு வரியும் அந்தக் காகிதத்தில் இருந்தது. "சின்ன விஷயம்" என்று நாங்களே முடிவு செய்து கையெழுத்துப் போட்டோம். மறுமாதம் ஒரு சகோதரி வந்து நின்றார். "அண்ணே, நாலு மணிக்குப் பஸ் ஏது? ஏறின கூலி ஆட்டோவுக்கே சரியாப் போச்சு. தூங்குற புள்ளைய யார் பாக்குறது? எங்க விடியக்காலையை யாரைக் கேட்டு வித்தீங்க?" என்றார்.

எங்களிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. தவறு எங்களுடையது.

தூக்கமும் ஓய்வும் சின்ன விஷயமா? விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தவும், இரவு இறக்கங்களைக் குறைக்கவும் அவர்களது சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அந்த விதி 2025 நவம்பரில் முழுமையாக வந்தது. போதிய ஆள் ஏற்பாடு செய்யாத இண்டிகோ நிறுவனம் டிசம்பரில் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. நமது ஷம்ஷாபாத்திலும் பயணிகள் தவித்தார்கள். அரசு அந்நிறுவனத்துக்கு விதிவிலக்கு கொடுத்தது. லோகோ பைலட்டுகளும் முறையான வார ஓய்வுக்காகத்தான் இன்னும் போராடுகிறார்கள். பல லட்சம் சம்பளம் வாங்கும் விமானிக்கும் பெட்டி கழுவும் நம் சகோதரிக்கும் உடம்பு ஒன்றுதான்.

துப்புரவு ஒப்பந்தம் இப்போது முடிகிறது. புதிய நகல் வந்திருக்கிறது. ஆறு மணி ஷிப்ட் திரும்ப வருகிறது. ஆனால் கூலி உயர்வு நாம் கேட்டதில் பாதிதான். இம்முறை நாங்கள் கையெழுத்திடவில்லை. நகலைத் தமிழிலும் தெலுங்கிலும் வரிக்கு வரி வாசித்துக் காட்டுவோம். ஒரு வாரம் வீட்டில் பேசுங்கள். அடுத்த ஞாயிறு ரகசிய வாக்கு. எழுதத் தெரியாதவருக்குப் பச்சைச் சீட்டு, சிவப்புச் சீட்டு. எண்ணுவது உங்கள் கண் முன்னால். 63 பேருக்கும் ஆளுக்கு ஒரு வாக்கு. மேஸ்திரிக்கு இரண்டு கிடையாது. புருஷன் சொன்னான், சங்கத்து அண்ணன் சொன்னார் என்று போடாதீர்கள்.

எந்தச் சீட்டைப் போடுவது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். சிவப்பு விழுந்தால் அது சங்கத்துக்கு எதிரான வாக்கு அல்ல. "இன்னும் பேசு" என்ற கட்டளை. அதற்குப் பிறகு வரும் கஷ்டத்தையும் சேர்ந்தே தாங்க வேண்டியிருக்கும் என்பதை மட்டும் எண்ணிப் பார்த்துப் போடுங்கள். பச்சை விழுந்தால் பேனாவை எடுப்போம்.

ஊர் விட்டு ஊர் வந்து, புரியாத மொழியில் நீட்டிய காகிதங்களில் எல்லாம் கைநாட்டு வைத்தே பழகியவர்கள் நாம். இனி நம்மைக் கேட்காமல் நம் பெயரில் எவரும் கையெழுத்திடக் கூடாது. முதலாளி மட்டுமல்ல, நாங்களும்தான்.