தொண்டை வலியும் குழந்தையின் இருதயமும்
(பஞ்சாயத்து உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சாலை, குடிநீர், கண்மாய் மராமத்து ஆகியவற்றைப் பற்றிப் பேசக் கூடும் இந்த அவையில், குழந்தைகளின் தொண்டை வலியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். தாய்மார் கவனிக்க வேண்டிய இந்தச் சங்கதியில் பஞ்சாயத்துக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். தொண்டை வலி வராத பிள்ளை எந்த ஊரிலும் இல்லை. மிளகுக் கஷாயமும் இரண்டு நாள் ஓய்வும் கொடுத்தால் பெரும்பாலும் அது தானே போய்விடுகிறது. ஆயினும் எல்லாத் தொண்டை வலியும் ஒரே இனத்தவை அல்ல. அவற்றுள் ஒரு வகை, பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் இருதயத்தை ஆயுள் முழுவதற்கும் பழுதாக்கிவிடக் கூடியது. அதைத் தடுப்பதில் ஊராருக்குப் பெரும் பங்கு உண்டு என்பதனாலேயே இங்கு வந்தோம்.

தொண்டை வலிகளிற் பெரும்பகுதி வைரஸ் கிருமிகளால் வருவது. மூக்கு ஒழுகும், இருமல் இருக்கும், குரல் கம்மும். இதற்குப் பெனிசிலின் முதலிய மருந்துகள் பயன்படா. மற்றொரு வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவால் உண்டாவது. 5 வயது முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளையே இது மிகுதியாகப் பற்றுகிறது. திடீரென்று காய்ச்சல் அடிக்கும். எச்சில் விழுங்கவே வலிக்கும். தாடைக்குக் கீழே கழுத்தில் நெறி கட்டும். தொண்டைச் சதைகள் சிவந்து வீங்கி, சில சமயம் வெள்ளைத் திட்டுகளும் காணும். இருமலும் சளியும் பெரும்பாலும் இரா. பார்த்த மாத்திரத்தில் உறுதி கூறுவது வைத்தியருக்கே கடினம். ஆகையால் உள்நாக்கு வளர்ந்துவிட்டது என்று உப்பைத் தொட்டு அழுத்திக் கொண்டிராமல், பிள்ளையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்வதே முறை.

இந்தக் கிருமி இருதயத்தைக் கெடுப்பது எப்படி? அது இருதயத்துக்குள் நேரே புகுவதில்லை. கிருமியை எதிர்க்க உடம்பு ஓர் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்குகிறது. கிருமியின் அமைப்பில் ஒரு பகுதி, இருதயத்திலுள்ள சில திசுக்களின் சாயலில் இருக்கிறது. பயிரைப் போலவே தோற்றமளிக்கும் களையைப் பறிக்கப் புகுந்தவர் பயிரையும் சேர்த்துப் பறித்துவிடுவது உங்களுக்குத் தெரியாததல்ல. உடம்பும் அந்தத் தவற்றைத்தான் செய்கிறது. தொண்டை வலி ஆறி, எல்லாரும் அதை மறந்துவிட்ட பிறகு, இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடியும் காய்ச்சல் காண்கிறது. முழங்கால் வீங்கி வலிக்கும். அது தணியும்போது கணுக்கால், பின்பு முழங்கை என்று வலி இடம் மாறும். இதுவே ருமாட்டிக் காய்ச்சல். வளருகிற பிள்ளைக்கு வருகிற வலி என்று வீட்டார் இருந்துவிடுகின்றனர். சில பிள்ளைகளுக்குக் கைகால்கள் தம் வசமின்றித் துள்ளும், எழுத்துக் கோணும், கையிலுள்ள டம்ளர் நழுவும். இதைப் பேய்க் கோளாறு என்று மந்திரிக்கச் செல்வோரும், குறும்பு என்று அடிப்போரும் உண்டு. இரண்டும் அந்தப் பிள்ளைக்குச் செய்யும் கொடுமை.

மூட்டு வீக்கம் தழும்பின்றி ஆறிவிடும். இருதயம் அப்படி ஆறுவதில்லை. இருதயத்தின் வால்வுகளை மதகுக் கதவுகளுக்கு ஒப்பிடலாம். இரத்தத்தை ஒரே திசையில் விட்டு, திரும்பி வராமல் அடைப்பது அவற்றின் வேலை. இந்நோயால் கதவு சரியாக மூடாமல் கசியும். அல்லது தடித்து ஒட்டிக்கொண்டு, முழுதும் திறக்க மறுக்கும். இடப்பக்கத்து மைட்ரல் வால்வே மிகுதியாக இவ்வாறு கெடுகிறது. கேடு பல ஆண்டுகள் வெளியே தெரியாமலும் இருக்கும். மணமாகிக் கருவுற்ற காலத்தில், உடம்பில் இரத்தத்தின் அளவு பெருகும்போது, மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்கு வந்த பின்னரே இருதய நோய் தெரியவரும் பெண்கள் இருக்கின்றனர். ஏழெட்டு வயதில் வந்த தொண்டை வலியை அப்போது யார் நினைவு வைத்திருப்பார்கள்?

இதே கிருமி சிறுநீரகத்தையும் விட்டு வைப்பதில்லை. தொண்டை வலிக்குப் பின்போ, சொறி சிரங்கில் சீழ் வைத்த பின்போ, காலையில் முகம் ஊதி, சிறுநீர் கறுத்துச் சிவந்து போனால் அன்றே வைத்தியரிடம் காட்ட வேண்டும். காதில் சீழ் வடிந்தால் காய்ச்சிய எண்ணெய் ஊற்றலாகாது. காதுக்குப் பின்னுள்ள எலும்புக்கும், அரிதாக மூளைக்கும் அது பரவக்கூடும்.

இனி மருந்தைப் பற்றி. பெனிசிலினை அலெக்சாண்டர் பிளெமிங் 1928-ல் கண்டார். தொண்டை நோய்க்கு அதைக் கொடுத்தால் ருமாட்டிக் காய்ச்சல் தடைப்படும் என்பது, அமெரிக்கப் படைவீரர் முகாமொன்றில் நடந்த ஆராய்ச்சியால் 1950-ல் வெளியாயிற்று. நம் நாட்டிலும் பிம்ப்ரியில் 1954-ல் அரசினர் இதற்கென ஓர் ஆலை நிறுவினர். மருந்து விலை மலிவானது. பல ஆண்டு பழகியது. தொண்டை வலி கண்ட 9 நாட்களுக்குள் தொடங்கினாலும் இருதயத்தைக் காக்க இயலும். வாயால் உண்ணும் மருந்தானால் 10 நாள் உட்கொள்ள வேண்டும். அல்லது நீண்ட நாள் நிற்கும் பென்சத்தீன் பெனிசிலின் ஊசி ஒன்று போதும். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் மிச்ச மாத்திரையைப் பரண்மேல் வைத்துவிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. உழுத நிலத்தைப் பாதியில் விடாத உழவர், மருந்தில் மட்டும் ஏன் விடுகிறாரோ, அறியோம்.

ருமாட்டிக் காய்ச்சல் ஒருமுறை வந்த பிள்ளைக்கு மறுபடியும் வரும் வாய்ப்பு மிகுதி. ஒவ்வொரு முறையும் வால்வு மேலும் கெடும். ஆகையால் 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் பெனிசிலின் ஊசி போட வேண்டும். இருதயம் தாக்கப்படாதிருந்தால் குறைந்தது 5 ஆண்டு அல்லது 21 வயது வரை, இவற்றில் எது நீண்டதோ அதுவரை; வால்வு பழுதுற்றிருந்தால் 10 ஆண்டுக்குக் குறையாமல், பலருக்கு 40 வயது வரையிலும். ஊசி வலிக்கும், கூலியை விட்டுவிட்டு வர வேண்டும், பிள்ளையோ ஓடியாடித் திரிகிறது. நாலைந்து மாதத்தில் பெற்றோர் சலித்துப் போவது இயல்பே. பஞ்சாயத்துக்கு வேலை இருப்பது இங்கேதான். ஊரில் இத்தகைய பிள்ளை ஒன்றிருந்தாலும், அதன் ஊசித் தேதியை அந்த வார்டு உறுப்பினரும் கிராம சுகாதாரச் செவிலியரும் குறித்து வைத்து, முதல் நாளே வீட்டுக்குச் சொல்லியனுப்பலாம். மருந்து ஒவ்வாமை அரிது, எனினும் நேரக்கூடியது. ஆகவே அதைச் சமாளிக்கும் வசதியுள்ள சுகாதார நிலையத்திலேயே ஊசி போட வேண்டும்.

இந்நோய் இருமல் துளியாலும் நெருக்கத்தாலும் பரவுவது. ஒரே அறையில் பத்துப் பேர் படுக்கும் மாணவர் விடுதியில் காற்றோட்டம் இருக்கிறதா என்று பார்ப்பதும் பஞ்சாயத்தின் பொறுப்பே. பள்ளிக்கு ஆண்டுக்கு ஒருமுறையும் அங்கன்வாடிக்கு இருமுறையும் மருத்துவக் குழு வருவதற்கான ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்கிரம் 2013-ல் தொடங்கியது. ருமாட்டிக் இருதய நோயும் அதன் பட்டியலில் உண்டு. குழு வரும் நாளில் எந்தப் பிள்ளையும் வயல் வேலைக்கோ ஆடு மேய்க்கவோ போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் கிருமிக்குத் தடுப்பூசி 2021-ல் நாடெங்கும் இலவசமாக விரிவாக்கப்பட்டது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டை நோய்க்கு அப்படியொரு தடுப்பூசி இல்லை.

முடிப்பதற்கு முன் ஒரு செய்தி. வால்வு பழுதுற்ற பிள்ளைக்குப் பல் பிடுங்க நேர்ந்தால், இருதய நோயிருப்பதை முன்னதாகவே பல் வைத்தியரிடம் கூற வேண்டும். வாயிலுள்ள கிருமி இரத்தத்தில் கலந்து, பழுதான வால்விற் போய்த் தங்கக்கூடும். ஊசி போட்ட தேதிகள் எழுதிய சீட்டையும் அப்போது கையோடு கொண்டு செல்லுங்கள்.