கைநழுவாத மட்டை



என் நெருங்கிய நண்பர் ஒருவருடைய இடப் புருவத்தின்மேல் ஒரு சிறு தழும்பு உண்டு. அரை அங்குல நீளந்தான் இருக்கும். அவரைப் புதிதாகக் காண்பவர்கள் அதனைக் கவனிக்கவும் மாட்டார்கள். ஆனால் நான் அவரைக் காணும்போதெல்லாம் என் கண் முதலில் அந்தத் தழும்பின்மேல்தான் போய் நிற்கிறது. ஏனெனில் அதனை உண்டாக்கியவன் நான். சண்டையில் அன்று, டென்னிஸ் ஆட்டத்தில்.

டென்னிஸ் மட்டையின் கைப்பிடியைப் பற்றிப் பேச வந்தவன் தழும்பைப் பற்றிப் பேசுகிறானே என்று நீங்கள் எண்ணலாம். இரண்டும் ஒரே கதைதான். அதனைச் சொல்லிவிட்டே மேலே செல்கிறேன்.

அப்போது நான் சென்னையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவன். என்னிடம் இருந்தது ஒருவர் ஆடிக் கழித்துக் கொடுத்த பழைய மட்டை. அதன் கைப்பிடியில் சுற்றியிருந்த ‘கிரிப்’ தேய்ந்து, கண்ணாடிபோல் வழவழப்பாகி இருந்தது. புதிது வாங்க ஒருவேளைச் சாப்பாட்டுக்கான காசு போதும். ஆயினும், ‘அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போட்டேன். முகத்துக்குப் பூசும் பவுடரைக் கையில் தடவிக்கொண்டு ஆடுவதே என் வழக்கமாயிற்று. சித்திரை மாதத்து மாலை ஒன்றில் இரட்டையர் ஆட்டம். நண்பர் வலையருகே நின்றார். நான் பின்னால் நின்றேன். அவர் தலைக்குமேல் உயர்ந்து வந்த பந்தை நான் ஓங்கி அடித்தேன். பந்து போன வழியிலேயே மட்டையும் போயிற்று. என்ன ஆயிற்று என்று பார்க்க நண்பர் திரும்பிய கணத்தில் அது அவர் புருவத்தில் பட்டது. நான்கு தையல் போட்டார்கள். ஓர் அங்குலம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும் என்றார் மருத்துவர்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் செய்தது சிக்கனம் என்று எண்ணியிருந்தேன். அது சிக்கனம் அன்று என்பது அப்போதுதான் விளங்கிற்று. ஒரு பொருளை அதன் காலம் முடிந்த பின்னும் வைத்துக்கொண்டிருப்பது கஞ்சத்தனம். அதன் காலம் விரைவில் முடிந்துவிடாமல் பேணுவதே சிக்கனம். கைப்பிடியைப் பேணும் முறையை இன்று உங்களுக்குச் சொல்ல முன்வந்ததும் இதற்காகத்தான்.

முதலில் இந்தக் கிரிப் என்பது யாது என்று பார்ப்போம். 1874-ஆம் ஆண்டில் வால்ட்டர் கிளாப்டன் விங்ஃபீல்டு என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி புல்தரை டென்னிஸுக்குக் காப்புரிமை பெற்றார். 1877-இல் விம்பிள்டன் போட்டி தொடங்கிற்று. அக்காலத்து மட்டைகளின் கைப்பிடி பெரும்பாலும் வெறும் மரமாகவே இருந்தது. பிடிப்புக்காக மரத்திலேயே கோடுகள் செதுக்குவார்கள். பிறகு தோல் சுற்றும் வழக்கம் வந்தது. நம் இராமநாதன் கிருஷ்ணன் 1960-இலும் 1961-இலும் விம்பிள்டன் அரையிறுதிவரை சென்றாரே, அக்காலம் மரமட்டையின் காலம். இன்றோ மட்டையும் மாறிவிட்டது, கைப்பிடியும் மாறிவிட்டது. கடையில் வாங்கும் மட்டையில் பாலியூரித்தேன் என்னும் செயற்கைப் பொருளாலான அடிச்சுற்று இருக்கும். தோலை விரும்புவோர் இன்றும் உளர். இந்த அடிச்சுற்றின்மேல் மெல்லிய நாடா ஒன்றைச் சுற்றிக்கொள்கிறோம். அதுவே ‘ஓவர்கிரிப்’. ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனம். ஓர் அங்குல அகலம். மெத்தைக்கு உறை எப்படியோ, அடிச்சுற்றுக்கு ஓவர்கிரிப் அப்படி. அழுக்கை அது வாங்கிக்கொள்ளும். அதனை மட்டும் மாற்றிவிடலாம்.

புது ஓவர்கிரிப்பைத் தொட்டால் அது நம் விரலைப் பிடித்து இழுப்பதுபோல் தோன்றும். பசை தடவியிருக்கிறார்களோ என்று சிலர் எண்ணுவர். பசை ஏதும் இல்லை. மேற்பரப்பு மிக மென்மையானது. நம் தோலில் உள்ள நுண்ணிய வரிகளுக்குள் அது பதிந்துகொள்கிறது. தோலும் கிரிப்பும் நெருங்கித் தொடும் பரப்பு மிகுதியாதலால் பிடிப்பும் மிகுகிறது. இந்த நெருக்கத்துக்கு இடையே எது புகுந்தாலும் பற்று குறையும். நீர் புகலாம்; தூசு புகலாம்; எண்ணெய் புகலாம். ஆகவே பற்றுக் குறைந்த கிரிப் எல்லாம் தேய்ந்த கிரிப் அன்று. பல வேளைகளில் அது அழுக்கேறிய கிரிப்பாகவே இருக்கும். அழுக்கை நீக்கினால் பற்று ஓரளவு திரும்பி வரும். தேய்ந்ததை மீட்க முடியாது. இந்த வேறுபாட்டை அறிந்துகொண்டால் பாதிக் காசு மிச்சம்.

எண்ணெய் என்றேன். நம் உள்ளங்கையில் வியர்வைச் சுரப்பிகள் ஏராளமாக உள்ளன. எண்ணெய்ச் சுரப்பிகளோ இல்லை. அப்படியானால் கிரிப்பில் படியும் எண்ணெய் எங்கிருந்து வருகிறது? தலையிலிருந்து வருகிறது, முகத்திலிருந்து வருகிறது, ஆட்டத்துக்குமுன் தின்ற வடையிலிருந்தும் வருகிறது. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, ஆட்டத்தின் நடுவே முடியைக் கோதிவிட்டு, அதே கையால் மட்டையைப் பிடிக்கிறோம். வெயிலுக்காக முகத்தில் பூசும் களிம்பும் அவ்வாறே கைக்கு வந்துவிடுகிறது. எனவே முதல் விதி மிக எளியது. ஆடுவதற்குமுன் சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தின் நடுவே முகத்தையும் முடியையும் துண்டால் துடையுங்கள், கையால் தொடாதீர்கள்.

அடுத்தது வியர்வை. சென்னை போன்ற கடற்கரை நகரங்களில் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை எளிதில் உலர்வதில்லை. முன்கையில் வழியும் வியர்வை மணிக்கட்டைக் கடந்து உள்ளங்கைக்கு வருகிறது. மணிக்கட்டில் ஒரு பஞ்சுப் பட்டை அணிந்தால் அதனைத் தடுக்கலாம். ஆனால் உள்ளங்கையிலேயே சுரக்கும் வியர்வை வேறு வகையானது. அது வெயிலைவிட மனக் கலக்கத்துக்கே மிகுதியாகக் கட்டுப்படுவது. தேர்வு எழுதும்போது உள்ளங்கை நனைவதை நீங்கள் அறிவீர்கள். ஆட்டத்தின் முக்கியமான புள்ளியிலும் அப்படியே. பிடிப்பு மிகவும் வேண்டிய நேரத்தில்தான் கை மிகவும் நனைகிறது! ஆகையால் புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே கையைத் துடைக்கும் வழக்கத்தை முதற்புள்ளியிலிருந்தே பழகிக்கொள்ளுங்கள். புள்ளிகளுக்கு இடையே 25 விநாடிகளும், பக்கம் மாறும்போது 90 விநாடிகளும் விதிகள் தருகின்றன. துடைப்பதற்கு அது போதும்.

இவ்வளவு செய்தும் கை ஓயாமல் நனைபவர்கள் என்ன செய்வது? அவர்கள் ஒட்டும் வகைக் கிரிப்பை விட்டு, ஈரத்தை உறிஞ்சும் உலர்வகைக் கிரிப்பை நாடவேண்டும். தொட்டால் துணிபோல் இருக்கும். நனைந்த கைக்கு ஒட்டும் வகையால் பயன் குறைவு; நீர்ப்படலம் நடுவே நின்றுவிடுமன்றோ? 1984 முதல் 1990 வரை எட்டுப் பெரும் பட்டங்களை வென்ற இவான் லெண்டில் தம் சட்டைப்பையில் மரத்தூள் வைத்திருந்து, அதனைக் கையில் தேய்த்துக்கொண்டு ஆடுவார். மரத்தூள் ஈரத்தை உறிஞ்சும். நான் பூசிய பவுடரோ, ஈரத்தைச் சிறிது வாங்கினாலும், மென்மையான துகள்களால் ஆனதாகையால் கிரிப்பின் வரிகளையும் நுண்துளைகளையும் அடைத்து வழுக்கலையே உண்டாக்கிற்று. ஒட்டும் வகைக் கிரிப்பின்மேல் பவுடர் தூவுவது, அதன் பற்றை நம் கையாலேயே அழிப்பதாகும்.

ஆட்டம் முடிந்தபின் செய்யவேண்டியது இரண்டு நிமிட வேலை. தூய துணியை நீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, கைப்பிடியை மேலிருந்து கீழாகத் துடையுங்கள். வியர்வை உலர்ந்தால் உப்புப் படியும். அதற்குமுன் துடைப்பது நலம். வாரம் ஒருமுறை துணியில் ஒரு துளி மென்மையான சோப்பைச் சேர்த்துத் துடைத்து, பிறகு வெறும் ஈரத்துணியால் சோப்பை நீக்குங்கள். நிழலில், காற்றோட்டமான இடத்தில் உலரவிடுங்கள். பெட்ரோல், தின்னர் போன்றவற்றைத் தொடவே தொடாதீர்கள். அவை அழுக்கோடு கிரிப்பையும் தின்றுவிடும். தோல் கிரிப்பாயின் ஈரத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள். நனைந்து நனைந்து உலரும் தோல் விறைத்து வெடிக்கும்.

ஈர மட்டையை, நனைந்த சட்டையோடு பையில் போட்டு மூடி வைப்பவர்களை நான் அன்றாடம் காண்கிறேன். வெயிலில் நிற்கும் மோட்டார் வண்டிக்குள் மட்டையை விட்டுவிடுவோரும் உண்டு. மூடிய வண்டிக்குள் வெப்பம் 50 பாகை செல்சியஸைத் தாண்டிவிடும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் பாலியூரித்தேன் வேதியியல் முறையிலேயே சிதையத் தொடங்குகிறது. பழைய கிரிப் சில வேளைகளில் அசிங்கமாகக் கையில் பிசுபிசுத்து, பின்பு பொடிப்பொடியாக உதிர்வது இதனால்தான். அந்தப் பிசுபிசுப்பைப் பற்று என்று மயங்கவேண்டா. அது சாவின் அறிகுறி.

சுற்றும் முறையிலும் ஆயுள் அடங்கியிருக்கிறது. புதிய நாடாவின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று ஒட்டியிருந்தால் முதலில் அதனை உரித்துவிடுங்கள். கூராக வெட்டிய முனையைக் கைப்பிடியின் அடியில் ஒட்டி, இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு சுற்றும் முந்தியதன்மேல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஏறுமாறு சுற்றுங்கள். தளர்ந்தால் கைக்குள் சுருண்டு கிழியும். இடைவெளி விட்டால் அதன் வழியே வியர்வை அடிச்சுற்றுக்கு இறங்கும். பாதி ஆயுள் கழிந்தபின், நாடாவைக் கழற்றி, முனைகளை மாற்றிச் சுற்றிப் பாருங்கள். கை மிகுதியாகப் படாத மேற்பகுதி இப்போது கைக்கு வரும். இதனால் இன்னும் சில நாள்கள் கிடைக்கும்.

ஆனால் பழையதன்மேலேயே புதியதைச் சுற்றாதீர்கள். பழையதை எடுக்கச் சோம்பியோ, மெத்தென்று இருக்கும் என்று எண்ணியோ பலர் இவ்வாறு செய்கிறார்கள். ஓர் ஓவர்கிரிப் கைப்பிடியின் சுற்றளவை ஏறக்குறைய ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூட்டுகிறது. இரண்டு மூன்று சேர்ந்தால் உங்கள் கைக்கு ஏற்ற மட்டை வேறு மட்டையாகிவிடும். உள்ளே சிறைப்பட்ட ஈரம் அடிச்சுற்றையும் கெடுக்கும்.

இனி, எப்போது அதனைக் கைவிடுவது? துடைத்து உலர்த்திய பின்னும் மேற்பரப்பு பளபளத்தால், ஓரங்கள் நைந்தால், கட்டைவிரல் படும் இடம் மெலிந்து அடிச்சுற்று தெரிந்தால், அதன் காலம் முடிந்தது. இவற்றைவிட நம்பத்தக்க சான்று ஒன்று உண்டு. உங்கள் கையையே கேளுங்கள். ஆடும்போது வழக்கத்தைவிட இறுக்கிப் பிடிக்கிறீர்களா? அடித்தபின் மட்டை கைக்குள் சிறிது திரும்புகிறதா? வழுக்கும் மட்டையை நாம் அறியாமலே இறுக்குகிறோம். இறுக்கிய பிடி முன்கைத் தசைகளை ஓய்வின்றி வேலை வாங்குகிறது. முழங்கை வலிக்கும் அது ஒரு வழியாகலாம். நுட்பமாகப் பந்தை வருடி அனுப்புவதும் இறுகிய கையால் இயலாது. நான் கோடையில் ஓர் ஓவர்கிரிப்பை ஐந்தாறு நாள்களுக்குமேல் வைத்துக்கொள்வதில்லை. மார்கழியில் அது இருமடங்கு நாள் உழைக்கிறது. நாள்கணக்கு ஒவ்வொருவர் கைக்கும் மாறும். மேற்சொன்ன சான்று மாறாது.

என் நண்பர் இன்றும் என்னோடு ஆடுகிறார். அந்த நிகழ்ச்சிக்குப் பின் அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. ஆனால் ஆட்டம் தொடங்குமுன் என் மட்டையை வாங்கி, கைப்பிடியை ஒருமுறை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் திருப்பித் தருவார். ஆண்டுகள் பல ஆகியும் அந்த வழக்கத்தை அவர் விடவில்லை. நானும் அதனைக் குறையாகக் கொண்டதில்லை. நாளைக் காலை நீங்கள் ஆடுகளத்துக்குச் செல்லும்போது உங்கள் மட்டையை நீங்களே ஒருமுறை அவ்வாறு பார்த்துக்கொள்ளுங்கள். வலையருகே உங்களுக்கு முதுகைக் காட்டி நிற்பவர் உங்களை நம்பித்தான் நிற்கிறார்.