உலர் திராட்சையும் ஒரு கரண்டி எண்ணெயும்

(கிராமத் தம்பதியர் கூட்டத்தில் பேசியது)



நம்ம கம்பம் பள்ளத்தாக்கு திராட்சைக்குப் பேர் போனது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. ஓடைப்பட்டிப் பக்கம் விதையில்லாத் திராட்சை விளைகிறது. அந்தப் பெருமை நமக்கு இருக்கட்டும். ஆனால், "ரத்தம் ஊற கிஸ்மிஸ் பழம் ஒன்றே போதும், எண்ணெய் உடம்புக்கு ஆகவே ஆகாது" என்று சிலர் சொல்கிறார்களே, அது சரிதானா? கணக்குப் பார்ப்போம்.

100 கிராம் உலர் திராட்சையில் சுமார் 300 கலோரி சக்தி உண்டு. அதில் 60 கிராமுக்கு மேல் சர்க்கரைதான். கொஞ்சம் நார்ச்சத்து, பொட்டாசியம், இரும்புச்சத்தும் இருக்கிறது. நாலு கிலோ பழம் காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ உலர் திராட்சை; நீர் வற்றுவதால்தான் அவ்வளவு தித்திப்பு.

கடலை எண்ணெய், நல்லெண்ணெய், ரேஷன் கடைப் பாமாயில், எதுவானாலும் 100 கிராமுக்கு சுமார் 900 கலோரி. மூன்று மடங்கு! ஆனால் அது முழுக்கக் கொழுப்பு. புரதமும் இல்லை, நாரும் இல்லை, இரும்பும் இல்லை. ஆக, ஒன்று செய்கிற வேலையை மற்றது செய்யாது.

குழந்தைக்கு: ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு இணை உணவு தொடங்க வேண்டும். பிள்ளையின் வயிறு சின்னது, அதிகம் கொள்ளாது. குழைந்த பருப்புச் சோற்றில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டால் 45 கலோரி கூடும். சோற்றின் அளவு கூடாது. கீரையிலுள்ள வைட்டமின் ஏ சத்து உடம்பில் சேரவும் எண்ணெய் வேண்டும். உலர் திராட்சையை முழுசாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஊறவைத்து, மசித்துக் கொடுங்கள்.

பெரியவர்களுக்கு: ஆளுக்கு ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் எண்ணெய் போதும். வடை சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் உலர் திராட்சையை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பிணிக்கு: இதைக் கவனமாகக் கேளுங்கள். ஒரு கைப்பிடி கிஸ்மிஸில் கிடைக்கும் இரும்பு ஓரிரு மில்லிகிராம்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தருகிற ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம். பழத்தை நம்பி மாத்திரையைப் பானைக்குள் போட்டு வைத்தால் ரத்தசோகை தீராது. பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகமானால் அந்தத் தாயின் உயிருக்கே ஆபத்து. நாலாம் மாதம் முதல் தினம் ஒன்று, குறைந்தது 180 நாள். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். மாத்திரையோடு டீ குடிக்காதீர்கள், இரும்பு உடம்பில் சேராது. நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்த்துக்கொள்ளுங்கள். மலம் கறுப்பாகப் போனால் பயம் வேண்டாம்; வயிற்றைப் பிரட்டினால் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தகப்பன்மார்களுக்கு ஒரு வார்த்தை. தோட்ட வேலை முடிந்து வந்து முதலில் நீங்கள் சாப்பிடுகிறீர்கள். கடைசியில் சட்டியில் மிஞ்சியது அவளுக்கு. இனி ஒன்றாக உட்காருங்கள். "மாத்திரை போட்டியா?" என்று ராத்திரி ஒரு வார்த்தை கேளுங்கள். கையில் காசு கொஞ்சமாக இருந்தால், முதலில் பருப்பும் எண்ணெயும் வாங்குங்கள். முருங்கைக்கீரை கொல்லையிலேயே இருக்கிறது. மிச்சம் இருந்தால் கிஸ்மிஸ் வாங்குங்கள்.

பிள்ளைக்கு ஒரு கரண்டி எண்ணெய், தாய்க்கு ஒரு மாத்திரை, இரண்டையும் தவறாமல் கொடுங்கள்.