பிள்ளைகள் நம் சொல்லைக் கேட்க



சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் வட்டார இரப்பர்த் தோட்டங்களில் நாம் வாழ்ந்த காலத்தில், விடியுமுன்பே பிரட்டுக்குப் போய்விடுவோம். கைக்குழந்தைகள் ஆயாக் கொட்டகையில் இருக்கும். பள்ளி விட்டு வந்த பிள்ளை குறும்பு செய்தால், பக்கத்து வீட்டுப் பாட்டி அதட்டுவார். எதிர்வீட்டு மாமா காதைத் திருகுவார். ஒரு பிள்ளையைக் கண்டிக்க ஒரு லயமே இருந்தது.

1950களிலும் 1960களிலும் நடந்த தோட்டத் துண்டாடலும், பின்னர் இரப்பருக்குப் பதிலாகச் செம்பனை வந்ததும் அந்த லயங்களைக் கலைத்தன. ஈப்போவின் அடுக்குமாடி வீடுகளுக்கும் தாமான்களுக்கும் வந்து சேர்ந்தோம். அப்பாவுக்கு இரவு வேலை, அம்மாவுக்குப் பகல் வேலை. லயத்துப் பாட்டியும் மாமாவும் உடன் வரவில்லை. அவர்கள் சுமந்த பொறுப்பும் பெற்றோர் இருவர் தலையில் விழுந்தது.

அந்தப் பாரம் தாங்காதபோது பிரம்பை எடுக்கிறோம். 'அடியாத மாடு படியாது' என்று நியாயமும் சொல்கிறோம். அடிக்குப் பயந்து மாடு வண்டி இழுக்கும். பிள்ளையோ பொய் சொல்லப் பழகும். வீட்டுக்கு வரப் பயப்படும் பையனைத் தெருமுனைக் கும்பல் அன்போடு வரவேற்கும். பிறகு அந்தக் கும்பலின் தலைவன் சொல்வதே அவனுக்கு வேதவாக்கு. சட்டமும் சும்மா இராது. 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் பிள்ளைகளைக் கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கியுள்ளது. 2016இல் செய்த திருத்தத்தின்படி 50,000 ரிங்கிட் வரை அபராதமோ, 20 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

அப்படியானால் கண்டிக்கவே வேண்டாமா? வேண்டும். ஆனால் அம்மா கூடாது என்றதை அப்பா இரகசியமாகக் கொடுக்கக் கூடாது. கைப்பேசியை வைத்துவிட்டுப் படி என்று சொல்லும்போது, நம் கையிலும் கைப்பேசி இருக்கக் கூடாது. கோபம் தணிந்த பிறகே தண்டனையைப் பேச வேண்டும். ஏன் என்று பிள்ளைக்குப் புரியவைக்கவும் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பக்கத்து வீட்டாரோ ஆசிரியரோ நம் பிள்ளையைப் பற்றிக் குறை சொன்னால், நம்மில் பலர் அவரோடு சண்டைக்குப் போகிறோம். இப்படிச் செய்தால் நாளை குறை சொல்லவும் ஆள் இருக்காது. "எங்கள் பையன் தவறு செய்தால் சொல்லுங்கள்" என்று நாமே போய்க் கேட்டுக்கொள்வோம். சொன்னதைப் பொறுமையாக விசாரிப்போம். லயத்து வீடுகள் போனாலும், லயத்து உறவை அடுக்குமாடியிலும் வளர்க்க முடியும்.