ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு

பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கிக்கும் ஜப்பானின் டோக்கியோவுக்கும் நேர்வழியில் ஏறத்தாழ 7,800 கிலோமீட்டர். சைபீரியாவுக்கு மேலே பறந்தபோது ஒன்பதரை மணி நேரத்தில் போய்விட்டார்கள். 2022-இல் உக்ரைன் போர் மூண்டதும், ரஷ்யா தன் வான்வெளியை ஐரோப்பிய விமானங்களுக்கு மூடியது. இப்போது அதே ஊருக்குப் போகச் சுமார் பதின்மூன்று மணி நேரம்! வடதுருவத்தை ஒட்டியோ, தெற்கே மத்திய ஆசியா வழியாகவோ சுற்றிப் போகிறார்கள். எரிபொருளும் அந்த அளவுக்குக் கூடுதல்.

இதில் என்னை உலுக்குவது வேறொன்று. 1983-இல் பின்லாந்தின் பின்னேர் விமான நிறுவனம் இந்தத் தடத்தில் இடைநில்லா விமானம் விட்டபோது, சோவியத் வானைத் தவிர்த்துத் துருவம் வழியாகத்தான் போனது. அன்றும் கிட்டத்தட்ட இதே பதின்மூன்று மணி நேரம்தான். நாற்பது ஆண்டுகளில் எஞ்சின்கள் எவ்வளவோ மேம்பட்டுவிட்டன. பயண நேரம் மட்டும் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது.