முகம் கொடுப்போம்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

கற்றறிந்த புலவர்கள் பேச வேண்டிய இம்மேடையில், பகலெல்லாம் பார்சல் ஆபீசில் ரசீது எழுதும் குமாஸ்தாக்களாகிய எங்களுக்கும் கால் மணி நேரம் அளித்திருக்கிறார்கள். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு உத்தியோகத்துக்கு வந்தவர்கள் நாங்கள். ஆகவே அறிந்ததை அறிந்தபடியே சொல்லி அமர்வோம்.

இந்தக் கரக்பூர் காலனியில் சில ஆண்டுகளாக நாங்கள் நண்பர் நால்வர் ஞாயிற்றுக்கிழமைதோறும் காமிராவும் கையுமாகத் திரிந்துகொண்டிருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். நாங்கள் எடுப்பது மலையையும் அருவியையும் அல்ல. ஊரின் எல்லையில் நல்லுள்ளம் படைத்த சிலர் நடத்தும் பிராணிகள் காப்பகத்தில், அடிபட்டும் கைவிடப்பட்டும் வந்து சேர்ந்த நாய்களையும் பூனைகளையும் படமெடுக்கிறோம். காலனியில் விரும்பிக் கேட்போரின் குடும்பத்தை, அவர்கள் வளர்க்கும் பிராணியோடு சேர்த்து எடுத்துக் கொடுக்கிறோம். அதற்குக் காசு வாங்குவதில்லை. “மனிதரைப் படமெடுக்கவே நேரமில்லை, நாய்க்குப் படம் ஒரு கேடா?” என்று கேலி செய்யும் நண்பர்கள் இச்சபையிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு விடை கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

தமிழில் ‘முகம் கொடுத்தல்’ என்றொரு வழக்கு உண்டு. வந்தவரை ஏறிட்டுப் பார்த்து, இன்னார் என்று மதித்து, இரண்டு வார்த்தை பேசுவதையே அவ்வாறு சொல்கிறோம். ‘முகம் கொடுத்துப் பேசவில்லை’ என்பதைவிடப் பெரிய மனக்குறை நம் வீடுகளில் வேறில்லை. உருவப்படம் எடுப்பதும் முகம் கொடுப்பதுதான் என்பது நாங்கள் இத்தனை நாளில் கண்ட உண்மை. ஒருவரை உட்கார வைத்து, நல்ல வெளிச்சத்தில், அவர் கண்ணைப் பார்த்து ஒரு படம் எடுக்கும்போது, ‘நீர் எங்களவர்’ என்று ஒப்புக்கொள்கிறோம்.

இதை நாம் எவ்வளவு தூரம் செய்திருக்கிறோம்? ஒரு வீட்டில் பாட்டி காலமாகிவிட்டால் அன்று மாலையே மாலையிடுவதற்குப் படம் தேடுகிறோம். கைத்தொலைபேசியில் ஆயிரம் படங்கள் இருக்கின்றன. ஆனால் பாட்டி தனியாக இருப்பது ஒன்றுமில்லை. கடைசியில் யாருடைய கலியாணத்திலோ எடுத்த கூட்டப் படத்திலிருந்து அந்த முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிச் சட்டமிடுகிறோம். தோளின்மேல் யாரோ ஒருவருடைய கை மட்டும் மிஞ்சி நிற்கும். எண்பது வருஷம் வாழ்ந்தவருக்கு நாம் கொடுத்த முகம் அவ்வளவுதான். மனிதர் நிலை இதுவென்றால், வாயில்லாப் பிராணியின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

புகைப்படக் கலை தோன்றிய காலத்தில் பிராணிகளுக்கு முகம் கிடைக்காததற்கு ஒரு காரணம் இருந்தது. தாகேர் என்ற பிரெஞ்சுக்காரரின் முறை 1839-ஆம் ஆண்டில் பாரிஸில் வெளியிடப்பட்டது. அந்த ஆரம்ப நாளில் படம் பதிய நிமிஷக் கணக்கில் ஆயிற்று. பின்னர்க் காலம் குறைந்து விநாடிகளாக வந்தபோதும், உட்கார்ந்திருப்பவர் தலை ஆடாமலிருக்கப் பின்னால் இரும்புத் தாங்கி ஒன்றை வைப்பார்கள். நாய்க்கு இதெல்லாம் தெரியுமா? வாலை ஆட்டும்; தலையைத் திருப்பும். ஆகவே அக்காலப் படங்கள் பலவற்றில் எஜமானர் தெளிவாக இருப்பார். காலடியில் நாய் ஒரு புகைபோல் இருக்கும். தூங்குகிற நாய்தான் தெளிவாக விழும். 1878-இல் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்பவர் பாய்ந்தோடும் குதிரையைத் தொடர்படங்களாக எடுத்துக் காட்டிய பிறகே, ஓடும் பிராணியையும் காமிரா பிடித்து நிறுத்தும் என்று உலகம் நம்பியது. 1900-இல் கோடக் கம்பெனி ஒரு டாலர் விலையில் பிரௌனி என்னும் பெட்டிக் காமிராவை விற்கத் தொடங்கியதும், படமெடுப்பது ஸ்டூடியோவை விட்டு வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டது.

நமக்கு அருகிலுள்ள கல்கத்தாவிலேயே இவ்விஷயத்தில் அறிய வேண்டியவை இரண்டு உண்டு. முதலாவது, போர்ன் அண்ட் ஷெப்பர்ட் என்ற பெயர்பெற்ற ஸ்டூடியோ. மன்னர்களும் பிரபுக்களும் தேடிச்சென்று உட்கார்ந்த இடம். 1991-இல் நேர்ந்த தீ விபத்தில் அதன் பழம் படங்களில் பெரும்பகுதி அழிந்தது. 2016-இல் அந்த ஸ்டூடியோவே மூடப்பட்டது. நம் முகங்களை வேறொருவர் பாதுகாத்து வைப்பார் என்று இருந்துவிடலாகாது என்பதற்கு இது சான்று.

இரண்டாவது, கோல்ஸ்வொர்தி கிராண்ட் என்னும் ஆங்கிலேயரின் வரலாறு. அவர் 1813-இல் பிறந்து 1880-இல் மறைந்தவர். கல்கத்தாவில் அக்காலப் பிரமுகர்களின் உருவங்களை வரைந்து புகழ்பெற்ற ஓவியர். அவர்தாம் 1861-இல் பிராணிவதைத் தடுப்புச் சங்கத்தைக் கல்கத்தாவில் நிறுவினார். இந்தியாவில் அவ்வகையில் முதலாவது அதுவே. முகங்களை உற்றுப் பார்ப்பதே தொழிலாகக் கொண்ட ஒருவர், பாரவண்டி மாட்டின் முகத்தையும் ஏறிட்டுப் பார்த்துவிட்டார் என்றே நாங்கள் எண்ணுகிறோம். உற்றுப் பார்க்கப் பழகிய கண் பிறகு பாராமுகமாக இருக்க முடியாது.

நிற்க. காப்பகத்தில் நாங்கள் செய்வது என்ன என்பதை ஓர் உதாரணத்தால் விளக்குவோம்.

மாற்றலாகிச் சென்ற ஒரு குடும்பம் குவார்ட்டர்ஸ் வாசலில் விட்டுச்சென்ற கறுப்பு நாய் ஒன்று காப்பகத்துக்கு வந்தது. பூட்டிய கதவின் முன்னே பல நாள் படுத்திருந்ததாம். நான்கு மாதமாகியும் அதை யாரும் கேட்கவில்லை. காப்பகத்தார் கம்பிக்கூண்டுக்கு வெளியே நின்று எடுத்த படத்தில், கறுப்பு மை கொட்டினாற்போன்ற ஓர் உருவமும், பச்சையாக மின்னும் இரண்டு கண்களுமே இருந்தன. பார்ப்பவர் அஞ்சினார்களேயன்றி இரங்கவில்லை.

குறை நாயிடம் இல்லை. காமிரா எதைக் கண்டாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாகவே எண்ணிக்கொள்ளும். பின்னால் பளீரென்ற வெயில் இருந்தால், அதற்கேற்ப ஒளியைக் குறைத்து, முன்னால் உள்ள கறுப்பை முழு இருட்டாக்கிவிடும். மேலும், நாயின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு படலம் உண்டு. மங்கிய ஒளியில் அதன் பார்வைக்கு உதவுவது அது. பிளாஷ் விளக்கைப் போட்டால் அந்தப் படலந்தான் பேய்க்கண்போல் மின்னுகிறது.

ஆகவே அந்த நாயைக் கூண்டிலிருந்து வெளியே கொணர்ந்தோம். காலை வேளையில், வெயில் நேரே விழாத வராந்தா நிழலில், வானத்து வெளிச்சம் முகத்தில் படும்படி இருக்கச் செய்தோம். பின்னால் காவி பூசிய பழைய சுவர். பிளாஷ் இல்லை. அதற்குச் சோறு வைக்கும் பெண்மணி எங்கள் பின்னால் நின்று மெல்ல அழைத்தாள். அது காதை நிமிர்த்தியது. அந்த ஒரு கணத்தில் எடுத்த படத்தில், புருவத்தருகே இரண்டு பழுப்புப் பொட்டும், மார்பில் ஒரு வெள்ளைத் திட்டும், மூக்கோரம் நரைத்த முடியும் தெரிந்தன. அதைப் பெரிதாக அச்சிட்டுக் கூட்டுறவுப் பண்டகசாலையின் பலகையில் ஒட்டினோம்.

மூன்றாம் நாள், ஓய்வுபெற்ற ஓர் எஞ்சின் டிரைவரின் மனைவி எங்களைத் தேடிவந்தார். “தம்பி, இது எங்கள் லைனில் இருந்த நாயல்லவா? நாலு வருஷமாகத் தாண்டிப் போயிருக்கிறோம். இதற்கு இப்படி ஒரு முகம் இருப்பது தெரியாமல் போயிற்றே!” என்றார். அன்று மாலையே அது அவர்கள் வீடு சென்றது. இன்று அந்த அம்மையார் கோயிலுக்குப் போனால், வாசலில் செருப்புக்குக் காவல் அதுதான்.

இந்த வேலைக்கு விலையுயர்ந்த காமிரா வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டியவை மூன்றே. முதலாவது, தாழ்ந்து அமர்தல். நின்றபடி எடுத்தால் நாயின் நடுமண்டைதான் விழும். தரையில் உட்கார்ந்தோ படுத்தோ அதன் கண்மட்டத்துக்குக் காமிராவைக் கொண்டுவர வேண்டும். எலியட் எர்விட் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் 1974-இல் நியூயார்க்கில் எடுத்த படமொன்று உலகப் புகழ் பெற்றது. தொப்பியணிந்த ஒரு சின்னஞ்சிறு நாய். அதன் பக்கத்தில் ஒரு பெண்ணின் பூட்ஸ் கால்கள். அப்பால் ஒரு பெரிய நாயின் முன்னங்கால்கள். அவ்வளவுதான். சின்ன நாயின் உயரத்துக்கு அவர் இறங்கியதால் அதுவே கதாநாயகன் ஆகிவிட்டது.

இரண்டாவது, வெளிச்சம். வெண்மேகம் மூடிய நாளும், மரநிழலும், சாளரத்து ஓரமும் நல்லவை. உச்சி வெயில் ஆகாது.

மூன்றாவது, பொறுமை. நாய் உதட்டை நக்குவதும், தூக்கமின்றியே கொட்டாவி விடுவதும், முகத்தைத் திருப்பிக்கொள்வதும் ‘எனக்குப் பயமாயிருக்கிறது’ என்பதற்கு அடையாளம். அப்போது காமிராவைக் கீழே வைத்துவிட வேண்டும். கண்கொட்டாமல் உறுத்துப் பார்ப்பதை அது பகைமையாகக் கொள்ளும். காமிராவின் கண்ணாடியும் அதற்கு அத்தகைய ஒரு கண்ணே. பூனையாயின், நாம் மெல்லக் கண்ணை மூடித் திறந்தால் அதுவும் அவ்வாறே செய்து அமைதி கொள்வதுண்டு. அடிபட்ட பிராணி மீண்டும் மனிதரை நம்புவதற்குச் சில வேளை நாலு ஞாயிறுகள் ஆகின்றன. அந்த நாலு ஞாயிறும் படமெடுக்காமல் உட்கார்ந்துவிட்டு வருவதும் இந்த வேலையில் சேர்ந்ததே.

குடும்பப் படத்துக்கும் இவ்விதிகளே பொருந்தும். எல்லாரையும் வரிசையாக நிறுத்திவிட்டுக் கடைசியில் நாயை இழுத்துவந்தால் ஒன்றும் நடவாது. முதலில் பிராணி தனக்குப் பிடித்த இடத்தில் படுத்துக்கொள்ளட்டும். பிறகு குழந்தைகள் அதைச் சுற்றி அமரட்டும். பெரியவர்கள் பின்னால் வரட்டும். நாயைத் தடவிக்கொண்டிருக்கும் தாத்தாவின் முகத்தில், ‘சிரியுங்கள்’ என்று சொல்லாமலே சிரிப்பு வந்துவிடுகிறது. உமராவ் சிங் ஷெர்கில் என்பவர் (1870–1954) தொழில்முறைப் படக்காரர் அல்லர். எனினும் மனைவியையும் இரு பெண்களையும் பல்லாண்டுக் காலம் வீட்டிலேயே படமெடுத்து வைத்தார். அப்பெண்களுள் ஒருவரான ஓவியர் அமிர்தா ஷெர்கில் 1941-இல் இருபத்தெட்டாம் வயதிலேயே மறைந்தார். அவருடைய சிறுவயது முகத்தை நாம் இன்று காண்பது தந்தை எடுத்த படங்களாலேயே. பிரிவு எப்போது வரும் என்று யாரும் அறியார்.

இனி, இந்தக் காலனிக்கே உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். ரயில்வே உத்தியோகத்தில் மாற்றல் நம் தலையெழுத்து. பள்ளித் தேர்வு முடிந்ததும் உத்தரவுகள் வருகின்றன. பீரோ ஏறுகிறது, கட்டில் ஏறுகிறது, துளசித் தொட்டிகூட லாரியில் ஏறுகிறது. பத்து வருஷம் வாசலில் கிடந்த ஜீவன் மட்டும் பின்தங்குகிறது. ஊரைவிட்டு ஊர் வந்து, ‘நீங்கள் எந்த ஊர்?’ என்று கேட்க ஒருவருமில்லாத நாளின் வேதனையை அறிந்தவர்கள் நாம். அதனால்தானே இச்சங்கத்தை வளர்க்கிறோம்! அந்த வேதனையை வேறோர் உயிருக்கு நாம் தரலாமா?

சட்டமும் இதை அனுமதிப்பதில்லை. 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின்படி, பசியாலும் தாகத்தாலும் துன்புறக்கூடிய நிலையில் ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது குற்றம். அச்சட்டத்துக்காகப் பாடுபட்டவர்களுள் முன்னின்றவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார். 1962-இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கு முதல் தலைவராக விளங்கியவரும் அவரே.

‘கொண்டுபோக வழியில்லையே’ என்பார்கள். வழி உண்டு, அதை அறிவிப்பது பார்சல் ஆபீஸ்காரர்களாகிய எங்கள் கடமை. முதல் வகுப்பில் ஒரு கூப்பேயையோ காபினையோ முழுவதும் தம் குடும்பத்துக்கே பதிவு செய்துகொண்டவர்கள் நாயை உடன் வைத்துக்கொண்டே பிரயாணம் செய்யலாம். மற்றவர்கள் கார்டு வண்டியிலுள்ள நாய்ப்பெட்டியில் அனுப்பலாம். தடுப்பூசிச் சான்றிதழுடன் முன்னதாகவே வந்து, கட்டணம் செலுத்தி ரசீது பெற வேண்டும். வழியில் தீனியும் தண்ணீரும் கொடுப்பது உரியவர் பொறுப்பு. அழைத்துச் செல்லவே இயலாதவர்கள், உத்தரவு வந்த அன்றே எங்களிடம் சொல்லுங்கள். கடைசி நாளன்று அல்ல. நல்ல படமொன்று எடுத்து நாலு பேர் பார்வைக்கு வைத்தால், புறப்படுமுன்பே ஓர் இடம் கிடைக்கக்கூடும்.

சபையோருக்கு எங்கள் வேண்டுகோள் இரண்டுதான். இந்த மாதத்துக்குள் உங்கள் வீட்டிலுள்ள மூத்தவரைச் சாளரத்தருகே அமர்த்தி ஒரு படம் எடுத்து, அதைத் தாளில் அச்சிட்டு வையுங்கள். அவர் மடியிலோ காலடியிலோ ஒரு பிராணி இருக்குமானால் அதையும் சேர்த்து எடுங்கள். படத்தின் பின்புறத்தில் பெயரும் தேதியும் எழுதுங்கள். நாயின் பெயரையும் எழுதுங்கள்.

அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்குக் காப்பகத்துக்குப் புறப்படுகிறோம். அங்கே இப்போது பதினொரு நாய்களும் ஒரு மூன்றுகால் பூனையும் படத்துக்குக் காத்திருக்கின்றன. காமிரா இல்லாதவர்களும் வரலாம். எங்கள் பின்னால் நின்று அன்போடு பெயர் சொல்லி அழைப்பதற்கு ஆள் வேண்டியிருக்கிறது.