முதுமையா, முடக்கமா? தசைச் சுருக்கமும் மூத்த தசைச் செல்லின் ஆற்றலும்



மூத்த தசைச் செல்லில் ஆற்றல் குன்றுவது வயதினாலா, வேலையின்மையாலா என்னும் வினா இவ்வவைக்குப் பழகியதே. ஆக்சிஜனைக் கொண்டு ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறை ஆக்கித்தரும் நுண்ணுறுப்புகளாகிய இழைமணிகள் வயதேற ஏறத் தாமே தேய்கின்றன என்றும், தசை சுருங்கி உழைப்பதால் அத்தேய்வைச் சற்றுத் தள்ளிப்போடத்தான் இயலும் என்றும் துறையில் பலர் நெடுங்காலமாகக் கூறிவருகின்றனர். நடமாட்டம் குறைந்த முதியோரின் தசையை ஓடியாடும் இளையோரின் தசையோடு ஒப்பிட்டு அம்முடிவை எட்டும்போது, முடக்கத்தின் விளைவு வயதின் கணக்கில் ஏறிவிடுகிறது என்பதே இப்பொழிவின் மறுப்பு.

தசையில் இருப்பிலுள்ள ஏடிபி, கடுஞ்சுருக்கத்தின் சில நொடிகளுக்கே போதும். அது செலவாகச் செலவாக ஏஎம்பி என்னும் எச்சம் மிகுந்து, ஆற்றல் குறைவை உணரும் ஏஎம்பிகே என்னும் நொதியை எழுப்புகிறது. சுருக்கத்தைத் தூண்டிய கால்சியமும் உடன் சேர, இன்சுலின் இல்லாமலே குளுக்கோஸ் செல்லுக்குள் நுழைவதோடு, புதிய இழைமணிகளை ஆக்கும் மரபணுக்களும் இயங்கத் தொடங்குகின்றன. ஆகவே சுருக்கம் ஆற்றலைச் செலவிடும் செயல் மட்டுமன்று, ஆற்றலை ஆக்கும் அமைப்பைப் பெருக்கச் சொல்லும் ஆணையுமாகும்.

முடக்கத்தின் விளைவு வயதின் கணக்கில் ஏறுகிறது என்பதற்கு டாலஸ் ஆய்வினும் வலிய சான்று அரிது. 1966இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் பெங்ட் சால்ட்டின் முதலான ஆய்வாளர்கள், 20 வயது இளைஞர் ஐவரை 3 வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்தபோது, உடல் உச்ச உழைப்பில் நுகரும் ஆக்சிஜனின் அளவு கால் பங்குக்கு மேல் வீழ்ந்தது. 30 ஆண்டுகளுக்குப் பின் அதே ஐவரை மீண்டும் அளந்தபோது, வயதால் நேர்ந்த இழப்பு அந்த 3 வாரப் படுக்கையால் நேர்ந்த இழப்பில் பாதியளவைக்கூட எட்டவில்லை. படுக்கையில் தளர்ந்தது பெரும்பாலும் இதயமே, தசையன்று என்னும் மறுப்பு நியாயமானது. ஆனால் அதற்கான விடை ஆய்வின் அடுத்த கட்டத்திலேயே உள்ளது. ஏறத்தாழ 50 வயதினரான அவ்வைவரும் சுமார் 6 மாதம் பயிற்சி செய்து, படுக்கைக்கு முந்திய இளமை அளவைச் சராசரியாக மீட்டபோது, இதயம் உச்சநிலையில் வெளியேற்றும் குருதியின் அளவு குறிப்பிடத்தக்கவாறு கூடவில்லை. தமனிக் குருதிக்கும் சிரைக் குருதிக்கும் இடையிலான ஆக்சிஜன் வேறுபாடே விரிந்தது. அதாவது, வந்து சேர்ந்த குருதியிலிருந்து ஆக்சிஜனை மிகுதியாகப் பிரித்தெடுத்தது உழைத்த தசையே. வயது மட்டுமே தசையின் ஆற்றலை முடிவுசெய்திருப்பின் இம்மீட்சிக்கு இடமே இராது. 60 வயதில் அவர்களுடைய இழப்பு படுக்கை இழப்புக்கு இணையாகிவிட்டது உண்மை; வயதுக்கும் பங்குண்டு என்பதை இப்பொழிவு மறுக்கவில்லை, முழுப் பழியையும் அதன்மேல் ஏற்றுவதையே மறுக்கிறது.

ஓடப் பழக்கிய எலிகளின் தசையில் இழைமணி நொதிகள் ஏறத்தாழ இருமடங்காவதை ஆய்வாளர் ஜான் ஹாலோசி 1967இலேயே காட்டினார். முதிய எலிகளில் ஏஎம்பிகே மந்தமாக எழுவதாகப் பின்னர் வந்த ஆய்வு, எவ்வளவு சுருக்கம் முதியோர்க்குப் போதும் என்னும் தனி வினாவை எழுப்புகிறது.

டாலஸில் அளக்கப்பட்ட ஐவரும் ஆண்களாதலால் பெண்களிடத்தும் இது ஆராயப்பட வேண்டும். முதியோரின் தசைச் செல்களை வளர்ப்புத் தட்டில் மின்துடிப்பால் சுருங்கச் செய்து அளக்கலாம். எடைதூக்கும் பயிற்சியையும் ஓட்டப் பயிற்சியையும் பிரித்து ஒப்பிடலாம். குறைந்தபட்சம், தசையை வயதுவாரியாக ஒப்பிடும் ஒவ்வோர் ஆய்வும் பங்கேற்றோரின் அன்றாட உழைப்பையும் அளந்து வெளியிட வேண்டும்.